நாலு டியூப்புக்கு நாலு தேதி

கோவையில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். எல்.இ.டி.க்கு மாறிவிட்ட நண்பர் தன்னுடைய பழைய டியூப்லைட் செட்டைச் சும்மா தருகிறாராம். நாலடி நீளம், நாலு டியூப். வீட்டுப் பவளத் தொட்டிக்கு மாட்டலாமா, மாட்டினால் என்ன டியூப் போடுவது? ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். யாரோ என் பெயரையும் இழுத்துவிட்டார். "பொன்னுசாமியண்ணன் இருவது வருசம் இந்த வேலைதான் பார்த்தாரு, அவரைக் கேளுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இரண்டு வரியில் பதில் போட்டு, அதை நம்பி அவர் மாட்டி, ஏதாவது ஆகிவிட்டால்? என் மனைவி சொன்னாள், "ரிட்டயரு ஆகியும் உங்க மூளைக்கு ஒரு ஆஃப் சுவிட்ச் வெக்க மறந்துபோட்டாங்க." அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மாட்டலாம். பதில் அதுதான். ஆனால் எப்படி மாட்டுவது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு நல்ல விதம் இல்லை.

பதினைந்து வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஸ்பின்னிங் ஹால் முழுக்க வரிசை வரிசையாக டியூப்லைட், ஒவ்வொன்றின் மேலும் பஞ்சுத்தூசி. அங்கே ஒரு டியூப் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றமாட்டோம். மெஷினை நிறுத்தி, ஏணி போட்டு, ஒன்றை மாற்றிவிட்டு இறங்கினால் மறுநாள் அதன் பக்கத்து டியூப் போகும். பழசும் புதுசும் கலந்து எரிந்தால், அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற பெண்களுக்குக் கண் தடுமாறும். ஆகவே ஆயுத பூஜைக்காக மில் நிற்கும்போது முழு வரிசையையும் இறக்கிவிட்டுப் புதுசு போடுவோம். டியூப் மாட்டுகிற பட்டியைத் துடைத்து, ஸ்டார்ட்டர் மாற்றி, கடைசியில் மெயினைத் தட்டினால் ஹால் கல்யாண மண்டபம் போல நிற்கும். "ஒத்தையா மாத்தாதீங்கடா, வரிசையா மாத்துங்க" என்பார் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷம் அதைக் கேட்டேன். மில் மூடிய பிறகும் அது என் கையை விட்டுப் போகவில்லை.

மில் மூடியதும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மீன் கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தார். உப்புக்காற்றில் அவருடைய கடை லைட்டெல்லாம் மாதத்துக்கு ஒரு சோக் தின்றுகொண்டிருந்தது. அதைச் சரி செய்யப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

டீச்சர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் ஒன்றைச் சொல்லி முடித்ததும் "அப்புறங்க?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வோம். மறுபடி "அப்புறங்க?" மூன்றாவது அப்புறத்தில் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிஷம் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அதுவரை டூல்ஸ் பையைத் திறக்கக் கூடாது. "நம்ம பார்க்கறது போதாதுங்க. தொட்டி நம்மளப் பார்த்துப் பழகோணும்" என்பார். எனக்கு அந்தப் பத்து நிமிஷமும் கை பரபரக்கும்.

லைட் தேர்வு செய்வதில் அவர் முறை இது. முதலில் தொட்டி எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார். ஒன்றரை அடிக்குள் என்றால் நாலு டியூப் போதும். அதற்கு மேல் என்றால் ஆறு, இல்லாவிட்டால் பவளத்தைப் பாறையின் உச்சியில்தான் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டியூப்புக்கும் பின்னால் தனித்தனியாக வளைந்த பளபளப்புத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தட்டைத் தகடு என்றால் பாதி வெளிச்சம் கூரைக்குத்தான் போகும். டியூப் முனையில் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உப்பு உள்ளே போகக் கூடாது. நாலு டியூப்பில் இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. வெள்ளை என்றால் பத்தாயிரம் கெல்வின்.

இந்தக் கெல்வின் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. வீட்டு டியூப்பில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருக்கும். பத்தாயிரம் என்றால் எவ்வளவு கொதிக்கும் என்று கணக்குப் போட்டு, முதல் வீட்டுக்குப் போகும்போது ஒரு டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது சூடு இல்லைங்க பொன்னுசாமி. நிறத்துக்கு வெச்ச நம்பரு. நம்பர் ஏற ஏற நீலம் ஏறும்." ஃபேனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர்களுக்கு நீலம் பிடிக்காது. பளிச்சென்று வேண்டும் என்பார்கள். ஒரு வீட்டில் "என்னங்க இது, ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. மாதிரி" என்றார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நான் சாதாரண வீட்டு வெள்ளை டியூப் நாலையும் மாட்டினேன். ஒரு மாதத்தில் தொட்டி முழுக்கப் பாசி. கடல் ஆழத்துக்கு இறங்குவது பெரும்பாலும் நீலம்தான், பவளம் அதைத்தான் சாப்பிடும் என்று டீச்சர் சொன்னார். இதையும் சொல்லிவிட வேண்டும்: கல் பவளம் வைப்பது சட்டப்படி குற்றம். டீச்சர் அதைக் கடை வாசற்படி ஏறவிடமாட்டார். முறையான காகிதத்தோடு வெளிநாட்டிலிருந்து வருகிற மெத்தென்ற வகை மட்டும்தான்.

டியூப் மாற்றுவதற்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஓரம் கறுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. பத்துப் பதினொரு மாதத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமலே வெளிச்சம் இறங்கியிருக்கும், அப்போதே மாற்ற வேண்டும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு டியூப். மூன்று வாரம் கழித்து அடுத்தது. "பொழுதுக்கும் சினிமா தியேட்டருக்குள்ள இருந்துபோட்டு மத்தியான வெயில்ல வெளிய வந்தா நம்ம கண்ண மூடிக்குவோம். பவளமெல்லாம் எங்கீங்க போகும்?"

கேட்டேன், தலையாட்டினேன், டியூப் முனையில் தேதி எழுத ஒரு மார்க்கர் பேனாகூட வாங்கினேன். ஆனால் என் மனசுக்குள் மேஸ்திரி இன்னும் ஏணி மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

சூலூரில் லோகநாதன் என்று ஒருவர். விசைத்தறி வைத்திருந்தார். சிங்கப்பூரில் ஏதோ ஓட்டலில் பவளத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி நம் வீட்டிலும் வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னார். மனைவி தவறிவிட்டார், மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டது ருக்மணியம்மா. ஐம்பது வயது இருக்கும், பக்கத்துத் தெருதான். காலையில் வந்து சமைத்து, பெருக்கி, பொழுதோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

தொட்டிக்கு உண்மையான ஆள் அவர்தான். தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது உப்பில்லாத சுத்தத் தண்ணீரைக் கோடு வரை ஊற்ற வேண்டும். கண்ணாடியில் டீச்சர் ஒரு கோடு ஒட்டிக் கொடுத்திருந்தார். ருக்மணியம்மா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. பவளங்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். குடை மாதிரி விரிவது காளான். வட்ட வட்டமாகக் கூட்டமாக இருப்பது பொத்தான். "ஏனுங்ணா, பொத்தானெல்லாம் இன்னைக்கு நல்லா வாயத் தொறந்திருக்குது பாருங்" என்பார். லோகநாதனுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அவர் தறிக்குப் போய்விட்டுச் சாப்பாட்டுக்கு வரும்போது அரைமணி நேரம் அதன் முன்னால் உட்காருவார். பேச மாட்டார்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடியது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் லோகநாதன் எனக்கே நேராக ஃபோன் செய்தார். "பொன்னுசாமி, தறியெல்லாம் கழுவிப் பொட்டு வெச்சாச்சு. நோம்பியும் அதுவுமா இந்தத் தொட்டி மட்டும் அழுவாச்சி மூஞ்சியோட நிக்குதுங்க. டியூப்பெல்லாம் மாத்திப்போடுங்க."

டீச்சர் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார். நாலு டியூப்பும் ஒரே நாளில் மாட்டியவை, நாலுக்கும் வயது பதினொரு மாதம். ஒன்றை மட்டும் எடுத்துப் போயிருக்க வேண்டும். நான் நாலையும் எடுத்துக்கொண்டேன். மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல முடியாது. சூலூருக்கு நாலு தடவை இரண்டிரண்டு பஸ் மாற வேண்டும், பெரிய மனிதர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், பூஜை நாள். இதெல்லாம் காரணம். உண்மையில், ஒரு பட்டியில் மூன்று பழசும் ஒன்று புதுசும் எரிவதை என் கண்ணால் பார்க்க முடியாது. அதுதான்.

மெயினை அணைத்தேன், இரண்டு தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், மரப்பலகை மேல் நின்றேன். நாலையும் மாற்றினேன். தகடுகளைத் துணியால் துடைத்தேன். மேல் கண்ணாடியில் படிந்திருந்த உப்பையும் சுரண்டிக் கழுவினேன். சுவிட்சைப் போட்டதும் லோகநாதன் "அட!" என்றார். ருக்மணியம்மா பக்கத்தில் நின்றவர் புடவைத் தலைப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தொட்டி மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ருக்மணியம்மா சாம்பிராணி போட்டு ஹால் முழுக்கக் காட்டினார். எனக்குப் பொரியும் கடலையும் கட்டிக் கொடுத்தார்கள்.

வழக்கமாக நான் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, ரப்பர் மூடியைச் சரியாகப் போட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வருகிற ஆள். அன்றைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

ஐந்தாம் நாள் லோகநாதன் கடைக்கு ஃபோன் செய்தார். பவளமெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறதாம். டீச்சர் என்னைப் பார்த்து, "போயி உக்காந்து பாருங்க" என்றார்.

போனேன். வாசலில் ருக்மணியம்மா இல்லை. லோகநாதனே கதவைத் திறந்தார். "ஊடு பூரா சாம்பிராணியப் போட்டு எல்லாத்தையும் சாகடிச்சுப்போட்டா. நாளையில இருந்து வர வேண்டாம்னு நேத்தே சொல்லிப்போட்டேன்" என்றார். பதினாறு வருஷம் அந்த வீட்டில் வேலை செய்தவர்.

நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காளானின் குடை சுருங்கி, சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பொத்தான்கள் மூடிக்கொண்டு வெளிறியிருந்தன. மீன்கள் நன்றாகத்தான் ஓடின. ஏழாவதோ எட்டாவதோ நிமிஷத்தில்தான் அதைப் பார்த்தேன். நாலு டியூப் வெளிச்சத்தில் நிழல் கூர்மையாக விழாது. ஆனாலும் காளான் குடைக்கு அடியில், பாறையின் மடிப்பில், பிறை வடிவத்தில் ஒரு கூட்டம் பொத்தான் மட்டும் பழைய பச்சையோடு வாய் திறந்திருந்தது. மேலே வெளிச்சம் பட்டதெல்லாம் வெள்ளை. நிழலில் இருந்ததெல்லாம் பச்சை. புகை தண்ணீரில் கலந்திருந்தால் நிழலென்றும் வெயிலென்றும் பார்த்திருக்காது.

சொல்லியிருக்க வேண்டும். லோகநாதன் பக்கத்திலேயே நின்றார். "என்னங்க, பொழைக்குமா?" என்று கேட்டார். நான், "பார்க்கலாமுங்க" என்றேன். இரண்டு டியூப்பை அணைத்தேன். செட்டை நாலு விரல் உயரம் தூக்கிக் கட்டினேன். கொசுவலைத் துணி கேட்டு வாங்கி, இரண்டு மடிப்பாக மடித்து மேல் கண்ணாடியில் விரித்தேன். வாரத்துக்கு ஒரு மடிப்பை எடுக்க வேண்டும், லைட் எரிகிற நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடையில் டீச்சர் கேட்டார். சாம்பிராணி என்கிறார்கள் என்றேன்.

"அப்புறங்க?"

வலை போட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

"அப்புறங்க?"

அந்த அம்மாவை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

அவர் மூன்றாவது தடவை கேட்கவில்லை. "வலை போட்டீங்கன்னா, நிழல் பார்த்திருக்கீங்க" என்றார். நான் மார்க்கர் பேனாவை மேசை மேல் வைத்து, நாலு டியூப்பிலும் ஒரே தேதி எழுதியிருக்கிறேன் என்றேன். டீச்சர் அந்தப் பேனாவை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அவருக்கு ஃபோன் நான் பண்ணட்டுங்களா, நீங்க போறீங்களா?" என்றார். வேலை போனால் என்ன செய்வது, மனைவியிடம் என்ன சொல்வது என்று ஒரு பெரிய வரிசையே மனசுக்குள் ஓடியது. "நான் போறனுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை லோகநாதனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. யோசித்தார். "சரி விடுங்க. நாந்தான மாத்தச் சொன்னேன்" என்றார். ருக்மணியம்மா விஷயத்தை எடுத்ததும்தான் முகம் மாறியது. "வர வேண்டாம்னு நாலு பேருக்கு முன்னால சொன்ன வாய்ங்க இது. இப்ப நான் போயி அவ ஊட்டு வாசல்ல நிக்கோணுமா?"

"நான் நிக்கறனுங்க" என்றேன்.

பக்கத்துத் தெருவில் ருக்மணியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நீங்க சுவிட்சப் போட்டப்பவே எனக்குக் கண்ணு கூசுச்சுங்ணா. பொழுதோட பொத்தானெல்லாம் வாய மூடிக்கிச்சு. நான் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"யாருகிட்டச் சொல்றதுங்க? நீங்க கரண்டுக்காரரு, அவரு மொதலாளி. பாத்திரம் கழுவறவளுக்கு லைட்டப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன்.

"உங்க பின்னாலயே வந்துருவன்னு நெனைக்காதீங்க" என்றார். "எங்கிட்டச் சொன்னத அவருக்கு முன்னால, நானும் நிக்கறப்பச் சொல்லோணும். சாம்பிராணி இல்லை, டியூப்புன்னு. அப்பறம் பார்க்கலாம்."

வந்தார். ஹாலுக்குள் வராமல் நிலைப்படியில் நின்றார். நான் தொட்டிக்கு முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். நாலையும் ஒரே நாளில் மாற்றினேன், டீச்சர் வேண்டாமென்று சொல்லியிருந்தார், தெரிந்தே மாற்றினேன், புகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடைக்கு அடியில் இருந்த பச்சைப் பிறையைக் காட்டினேன். லோகநாதன் குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தார். ருக்மணியம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே,

"தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிப்போச்சு" என்றார்.

ருக்மணியம்மா நிலைப்படியிலிருந்தே எட்டிக் கோட்டைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா யாரும் ஊத்தலை."

"ஊத்தத் தெரியலைன்னா தொட்டி எதுக்குங்க வெக்கறீங்க" என்றார் ருக்மணியம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போனார். தண்ணீர்க் கேனோடு திரும்பி வந்தார். அவர் மெல்ல ஊற்றி முடிக்கிற வரை நாங்கள் இரண்டு பேரும் விலகி நின்றோம்.

காளான் பிழைக்கவில்லை. பொத்தான்கள் நாலைந்து மாதத்தில் நிறம் திரும்பின, அந்தப் பிறையிலிருந்துதான் மற்ற இடத்துக்கும் பரவின. டீச்சர் என்னை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு, நான் எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் பையைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே எத்தனை டியூப் என்று எண்ணிவிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு அது அவமானமாக இல்லை. கவலையில் பாதியை அவர் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆகவே, குழுவில் கேட்ட தம்பிக்கு. செட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தகடு தனித்தனியா என்று பாருங்கள், முனை ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு நீலம், இரண்டு பத்தாயிரம். இப்போது வேறு லைட்டுக்குப் பழகிய பவளம் என்றால், முதலில் இரண்டு டியூப்பை மட்டும் எரியவிடுங்கள், கொசுவலையை மடித்துப் போட்டு, வாரத்துக்கு ஒரு மடிப்பாக எடுங்கள். அடுத்த வருஷம் மாற்றும்போது ஒவ்வொன்றாக, மூன்று வாரம் விட்டு. நாலு டியூப்பில் நாலு தேதி இருக்க வேண்டும். எல்.இ.டி.யில் வெளிச்சத்தை மெல்ல மெல்ல ஏற்றுகிற வசதி இருக்கிறதாம். நல்லதுதான், எனக்குப் பொறாமைகூட இல்லை. இன்னொன்று, உங்கள் வீட்டில் தினமும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் யாரோ அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். கண் கூசுகிறதா என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த வீட்டுக்கு நான்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திறக்கும் முன் ருக்மணியம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்.

"ஏனுங்ணா, இன்னைக்கு ஒண்ணுதானுங்களே?"

நான் டியூப்பை அட்டைக் குழாயிலிருந்து உருவித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவேன். அப்புறம்தான் தாழ்ப்பாளை எடுப்பார்.